அப்ராக்ஸியா: வீட்டுப் பயிற்சியைத் தமிழில் எந்தச் சொல்லில் தொடங்குவது?

வேப்பமரம் | 3 ஜூன், இரவு 10.40

பையனுக்கு நாலு வயசு முடிஞ்சது. சொல்றது எல்லாம் புரியுது, ரெண்டு வேலை சேர்த்துச் சொன்னாலும் செஞ்சிடறான், பேச்சுதான் தெளிவா வரல. காது கேக்குதான்னு பார்க்கற பெரா டெஸ்ட் நார்மல். "அப்ராக்ஸியா சந்தேகம்"னு எழுதிக் கொடுத்திருக்காங்க, பேச்சுக்கு வாயை அசைக்கத் திட்டமிடறதுல கோளாறாம். வீட்ல செய்ய ஒரு பட்டியல்: பால், பஸ், ஆப்பிள், கேட். கூடவே தினம் பத்து நிமிஷம் விசில் ஊதணும், மெழுகுவத்தி அணைக்கணும். விசில் பிரமாதமா ஊதறான். பேச்சு இம்மியும் நகரல. தமிழ்ல எந்தச் சொல்லை எடுக்கறது, எத்தனை தடவை சொல்ல வைக்கறது? "தானா வரும், விடு"ங்கற பதில் வேண்டாம். அது வீட்லயே மூட்டை மூட்டையா இருக்கு.

நாநுனி | 3 ஜூன், இரவு 11.25

விசிலைப் பொம்மைப் பெட்டியில போடுங்க. விளையாடட்டும், பயிற்சிக் கணக்குல சேர்க்க வேண்டாம். ஊதறதுக்கு உதடும் மூச்சும் வேலை செய்யற விதம் வேற, "பா"ன்னு சொல்றப்போ வேலை செய்யற விதம் வேற. ஊதி ஊதிப் பேச்சு வந்ததுக்கு ஆதாரம் கிடையாது. அதுவும் அப்ராக்ஸியாவுல தசை பலமாத்தான் இருக்கு. அடுத்தடுத்து எந்த அசைவுன்னு மூளை திட்டம் போட்டு அனுப்பற இடத்துலதான் சிக்கல். சிக்குக் கோலத்துல புள்ளி எல்லாம் சரியா வெச்சாச்சு, கம்பியை எந்தப் பக்கம் வளைக்கணும்னு கைக்குப் பிடிபடலேன்னா எப்படி, அப்படி. கைக்கு எண்ணெய் தேய்ச்சுப் பயனில்ல, கோலத்தைத்தான் போட்டுப் பழகணும்.

பட்டியலைப் பத்தி நாளைக்கு எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். "பாட்டி"ன்னு அஞ்சு தடவை சொல்லச் சொல்லி அப்படியே எழுதி அனுப்புங்க. திருத்தாம.

ரெண்டாவது டீ | 4 ஜூன், காலை 6.50

பட்டியல்ல "பால்"னு போட்டிருக்கே, அது உருட்டற பாலா, காய்ச்சற பாலா?

வேப்பமரம் | 4 ஜூன், மதியம் 1.15

காய்ச்சற பால்னு நெனச்சு ஒரு மாசம் ஓட்டிட்டோம். படத்துல பந்து இருக்கு.

பாட்டி: பாப்பி, ஆட்டி, பேடீ, பாட்டி (!), பாபா. நாலாவது தடவை சரியா வந்துச்சு. உடனே "இன்னொரு தடவை"ன்னோம், போச்சு.

நாநுனி | 4 ஜூன், இரவு 10.05

அந்த அஞ்சும் ரொம்பத் தெளிவாப் பேசுது. ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி உடையுது. மெய் மட்டும் இல்ல, உயிரும் மாறுது: பா பேயாகுது, டி டீயாகுது. அமெரிக்காவின் பேச்சு-மொழி-செவி சங்கம் 2007ல சொன்ன மூணு அடையாளத்துல முதலாவது இதுதான். ரெண்டாவது, ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போற வழி நீளுறது அல்லது துண்டாகிறது. மூணாவது, பேச்சோட ஏற்ற இறக்கமும் அழுத்தமும் பிசகறது.

உச்சரிப்பு வளர்ச்சித் தாமதம் மட்டும் உள்ள பிள்ளை வேற மாதிரி. அது காக்காவைத் "தாத்தா"ம்பா, கோழியைத் "தோழி"ம்பா. எப்பக் கேட்டாலும் அதே தப்பு, உயிரெழுத்து பத்திரமா இருக்கும். அதுக்குச் சிகிச்சையே தனி. தசை பலவீனத்தால வர்ற டிசார்த்ரியாவுல குழறல் பெரும்பாலும் எல்லாச் சொல்லிலும் ஒரே சீரா இருக்கும், எச்சில் வடியலாம், மெல்றதும் கஷ்டமா இருக்கலாம். இந்த மூணையும் பிரிக்காம பட்டியல் கொடுக்கறது, எந்த ஊர்னு கேக்காம டிக்கெட் கிழிக்கற கதை. சில பிள்ளைக்கு ரெண்டு கலந்தும் இருக்கும்.

"சந்தேகம்"னு எழுதினது நல்ல விஷயம்தான். மூணு வயசுக்குள்ள இதை உறுதியாச் சொல்றது கஷ்டம், சோதிக்கற அளவுக்குப் பிள்ளை சொல் சொல்லிப் பார்க்கணும். உங்க பையனுக்கு இப்போ நாலு, மறுபடி முழுசா மதிப்பிடச் சொல்லலாம். பார்க்கறவங்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு பெற்றவங்களான்னு கேளுங்க, அந்த எண் சான்றிதழ்ல இருக்கும். கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

நாநுனி | 5 ஜூன், இரவு 9.30

இப்போ சொற்கள். ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுத்தா ரெண்டு இடத்துல இடிக்கும்.

ஒண்ணு, ஆங்கிலச் சொல் நிறைய மெய்யில முடியுது. பஸ், கேட், கப். வாயை ஒரு மெய்யில கொண்டுபோய் நிறுத்தறது இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வேலை. நம்ம பேச்சுத் தமிழ் அந்த வேலையைத் தானாக் குறைச்சு வெச்சிருக்கு. யாரும் வீட்ல "பால்"னு நறுக்குன்னு முடிக்கறதில்ல, "பாலு". கல்லு, மீனு, நாயி, மண்ணு. எல்லாம் உயிர்ல இறங்குது. அதனால "பால்" சொல்லு, "மீன்" சொல்லுன்னு எழுத்துத் தமிழைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. "வேண்டும்" வேண்டாம், "வேணும்" போதும். "மரம்"ல கடைசி ம் நம்ம வாயிலேயே மூக்கொலியாத்தான் கரையுது, பிள்ளை அப்படிச் சொன்னா அது தப்பில்ல. மகர ஒற்று விடுபட்டதுன்னு ரிப்போர்ட்ல எழுதறவங்களும் இருக்காங்க.

ரெண்டு, ஆங்கிலத்துல அழுத்தம் எங்க விழுதுங்கறதுல சொல் மாறும். அங்க பயிற்சியும் அதைச் சுத்தியே இருக்கு. நமக்கு அதை விட முக்கியம் குறில்-நெடில்: படம்/பாடம், பட்டு/பாட்டு. அப்புறம் இரட்டிப்பு: படு/பட்டு, பாடு/பாட்டு. அப்ராக்ஸியா பிள்ளை எல்லா அசையையும் ஒரே அளவா நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது இந்த வேறுபாடு முழுசும் சமதளமாயிடுது. கேக்கறவருக்குச் சொல்லே புரியாமப் போறது பெரும்பாலும் இதனாலதான்.

தொடங்க ஏத்தது: வா, போ, தா, பூ. திறந்த அசை, ஒரே அசைவு. அப்புறம் அம்மா, அப்பா, ஆமா. "அம்மா", "அப்பா" நாம நினைக்கறதை விடச் சுலபம், உதடு ஒரு தடவை மூடி, கொஞ்சம் நின்னு, திறந்தா முடிஞ்சது. அடுத்து பாப்பா, மாமா, தாத்தா. அதுக்கு மேல உயிரை மட்டும் மாத்தறது: மாமா, மாமி. அதுவும் படிஞ்சா வாய்க்குள்ள ஒலி பிறக்கற இடம் மாறுறது: மேல, போதும், பாட்டி, வேணாம். பாட்டியில உதட்டுல ஆரம்பிச்சு நாக்கை மடிக்கப் போகணும், அதான் அவனுக்கு அங்க உடையுது. ந்த, ங்க, ண்ட வர்ற சொல்லெல்லாம் (பந்து, மாங்கா, வண்டி) பின்னாடி. ழ வேண்டவே வேண்டாம். பெரியவங்களே பாதிப் பேர் "பளம்"தான் சாப்பிடறோம்.

ஒரு நேரத்துல நாலு முதல் ஆறு சொல். அதுல ஒண்ணு கட்டாயம் மறுப்புச் சொல்லா இருக்கட்டும். ஆப்பிள்ங்கற சொல்லால அவன் நாள்ல ஒண்ணும் மாறாது, "வேணாம்"னால மாறும்.

ரெண்டாவது டீ | 5 ஜூன், இரவு 10.10

முதல் சொல்லே வேணாமா? சோறு ஊட்டறவங்க கதி?

நாநுனி | 5 ஜூன், இரவு 10.14

இப்போ தட்டைத் தள்ளி விடறான். அதுக்கு இது தேவலை.

சாக்பீஸ் | 6 ஜூன், மாலை 5.20

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். பெயர். பிள்ளையின் சொந்தப் பெயரை எல்லாரும் முதலில் கேட்பார்கள், அதுதான் பெரும்பாலும் வாயில் நுழையாது. நியூமராலஜி பார்த்து ஸ்ரீ, க்ஷ, த்ரு என்று கோத்து வைத்த பெயர்கள். பெரியவர்களுக்கே இரண்டு மூச்சு வேண்டும். வீட்டுப் பெயர் ஒன்றை, பாபு, மாலா என்கிற அளவில், தற்காலிகமாகப் பழக்கினால் பள்ளியில் "உன் பேர் என்ன"வுக்கு ஒரு பதில் கையில் இருக்கும்.

வேப்பமரம் | 6 ஜூன், இரவு 11.00

எங்க பையன் பேர் ஸ்ரீயில தான் ஆரம்பிக்குது. சரி, எப்படிச் சொல்ல வைக்கறது? "சொல்லு சொல்லு"ன்னா தலையைத் திருப்பிக்கறான்.

நாநுனி | 7 ஜூன், காலை 11.40

"சொல்லு"ங்கற சொல்லையே ஒரு மாசத்துக்கு மறந்துடுங்க. கட்டளை போட்டதும் வர வேண்டியது வராமப் போறது இந்தக் கோளாறோட குணம். கிளம்பும்போது தானா "டாட்டா" சொல்வான், மாமாவுக்குச் சொல்லுன்னா வராது. பிடிவாதம் இல்ல அது. தானா வர்ற சொல்லுக்கும் கேட்டு வரவழைக்கற சொல்லுக்கும் திட்டமிடற பாரம் வேற.

சின்னப் பிள்ளைங்களுக்கும் கோளாறு கடுமையா இருக்கறவங்களுக்கும் டிடிடிசின்னு ஒரு முறை. அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் எடித் ஸ்ட்ராண்ட் உருவாக்கினது. வீட்டுக்கு ஏத்த அளவுல அதோட படிகள்:

எதிரும் புதிருமா, உங்க வாயும் அவன் கண்ணும் ஒரே உயரத்துல. ஜன்னல் வெளிச்சம் உங்க முகத்துல விழணும், முதுகுல இல்ல. வாய் இருட்டாத் தெரிஞ்சா பாதிப் பயன் போச்சு. "என் வாயைப் பாரு, சேர்ந்து சொல்லலாம்"னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, மெதுவா, "மாஆஆமி". சேர்ந்து சொல்றதுதான் முதல் படி. "நான் சொல்றேன், நீ சொல்லு" அதுக்கும் அடுத்தது. சேர்ந்தும் வரலேன்னா, முதல் ஒலிக்கு வாயை வெச்சு அப்படியே ரெண்டு விநாடி நில்லுங்க, ம்-க்கு உதடு மூடின நிலை. அவன் வாயும் அந்த நிலைக்கு வந்தப்புறம் சேர்ந்து நகருங்க. விரலால உதட்டைத் தொட்டு மூட உதவறதைத் தெரபிஸ்ட் கிட்ட நேர்ல பார்த்துக் கத்துக்கிட்டுச் செய்யுங்க. அழுத்திப் பிடிச்சா அவன் உதடு எதிர்க்கத்தான் செய்யும்.

சேர்ந்து சொல்றது வழுக்கி வரத் தொடங்கினா வேகத்தை இயல்புக்குக் கொண்டு வாங்க. அப்புறம் உங்க குரலைக் குறைச்சு, வாயை மட்டும் அசைங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்லி அவன் சொல்றது. அப்புறம் நீங்க சொல்லி, மனசுக்குள்ள ரெண்டு மூணு எண்ணி, அவன் சொல்றது. இந்த இடைவெளி முக்கியம், திட்டத்தை அவனே பிடிச்சு வெச்சுக்கணும். கடைசியா, மாதிரி இல்லாம, கேள்விக்குப் பதிலா. எங்க சறுக்கினாலும் அந்த நிமிஷமே ஒரு படி கீழ இறங்குங்க. ஏறுறதும் இறங்கறதும் ஒரே சொல்லுக்குள்ள பத்து தடவை நடக்கும்.

நிறையப் பேர் தப்புற இடம்: "பா... ட்... டி"ன்னு துண்டு போடறது. துண்டு துண்டா அவனுக்கு ஏற்கெனவே வரும். வராதது ரெண்டு துண்டுக்கும் நடுவுல இருக்கற வழி. அந்த வழியை வெட்டி எடுத்துட்டு எதைப் பழக்கறது? மெதுவாக்கணும்னா இழுங்க, உடைக்காதீங்க.

நாநுனி | 7 ஜூன், மதியம் 12.05

மேல சொன்னதுக்கு ஒரு கொக்கி. தமிழ்ல உயிரை இழுத்தா குறில் நெடிலாயிடும். "படு"வை மெதுவாச் சொல்லப் போய் "பாடு". அதனால்தான் முதல் பட்டியல்ல பெரும்பாலும் நெடில் சொல்லாப் போட்டது. குறில் சொல் வரும்போது இழுக்க வேண்டியது மெய்யை: கல்ல்ல்லு, அம்ம்ம்மா. ல, ம, ன மூச்சோட நிக்கற ஒலி, இழுக்கலாம். ப்ப, ட்ட, க்க வந்தா இழுக்க ஒலி இல்ல, அந்த நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டுங்க. கையை மூடிக் காட்டி, திறக்கும்போது "பா" வரட்டும். நெடிலுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் விரலை ஓட்டுங்க. குறிலுக்கு ஒரு தட்டு. எந்தச் சைகைன்னாலும் வீட்ல எல்லாரும் ஒரே சைகை, அதுதான் சட்டம்.

சாக்பீஸ் | 7 ஜூன், மாலை 6.30

இதையே எழுத்து வழியாகவும் செய்யலாம், நாலு வயதில் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ப என்று ஒரு அட்டை, பா என்று ஒரு அட்டை. துணைக்காலைச் சிவப்பில் எழுதினால் "கால் இருந்தா இழு" என்று பிள்ளை பிடித்துக்கொள்கிறது. நம் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழு அசைவு என்பதால் அட்டை நன்றாக உதவும்.

ஆனால் பள்ளியில் எழுத்துக் கூட்டச் சொல்லும்போது கெட்டுப்போகிறது. மெய்யெழுத்துக்கு இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். "பா, இட், டி, பாட்டி." மற்றப் பிள்ளைகள் அந்த இ-யைத் தானே கழற்றிவிடும். இந்தப் பிள்ளை கழற்றாது, "பா-இ-டி" என்றே வாய் பழகிவிடும். வகுப்பாசிரியரிடம் முழுச் சொல் அட்டை காட்டச் சொல்லிவிடுங்கள். அப்ராக்ஸியா உள்ளவர்களுக்குப் பின்னாளில் வாசிப்பிலும் பிழையின்றி எழுதுவதிலும் சிரமம் வர வாய்ப்பு அதிகம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே கண் வைக்க வேண்டிய இடம்.

வேப்பமரம் | 9 ஜூன், இரவு 10.20

எத்தனை தடவைன்னு இன்னும் யாரும் சொல்லல.

நாநுனி | 9 ஜூன், இரவு 11.10

நீங்க நினைக்கறதை விட அதிகம், ஆனா நீங்க நினைக்கறதை விடக் குறைஞ்ச நேரம். ரெண்டு பிள்ளைகளை வெச்சு 2011ல வந்த சின்ன ஆய்வுல 15 நிமிஷத்துக்கு 30-40 தடவை சொன்னதையும் 100-150 தடவை சொன்னதையும் ஒப்பிட்டாங்க. அதிகம் சொன்னதுதான் சீக்கிரம் படிஞ்சது, புதுச் சொல்லுக்கும் பரவிச்சு. ரெண்டே பிள்ளைங்கறதை மறக்காதீங்க, ஆனா உடம்பு எந்த அசைவைக் கத்துக்கறதுக்கும் இதுதான் விதி.

வீட்ல அஞ்சு நிமிஷம், நாள்ல மூணு வேளை. குளிக்கும் முன்னாடி, பள்ளி விட்டு வந்து, படுக்கும் முன்னாடி. ஒரே மூச்சுல அரை மணி உக்கார வெச்சா பத்தாவது நிமிஷமே தப்பு வடிவம் பழக ஆரம்பிக்கும். எண்ணிக்கைக்குப் பல்லாங்குழிப் பலகை பிரமாதம். 14 குழி, ஒரு தடவைக்கு ஒரு புளியங்கொட்டை. குழிக்கு அஞ்சுன்னா ஒரு சுத்து 70. வீட்ல மூணு வயசுக்குக் கீழ இன்னொண்ணு தவழ்ந்துக்கிட்டு இருந்தா கொட்டை வேண்டாம், வாயில போட்டுக்கும். பெரிய மணி, மூடி ஏதாவது.

முதல் வாரம் ஒரு சொல்லை அடுக்கா: மாமி மாமி மாமி. பத்துல எட்டு சரியா வர்ற நிலை தொடர்ந்து சில நாள் நின்னா, நாலு சொல்லையும் கலைச்சுப் போடுங்க. கலைச்சதும் சரிவு வரும், பயப்படாதீங்க. அடுக்காச் சொல்றப்போ சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். கலைச்சுப் பழகினது நிக்கும்.

பாராட்டுலயும் கணக்கு உண்டு. ஆரம்பத்துல "உதடு மூடினே, நல்லாருக்கு"ன்னு எது சரின்னு சொல்லணும். பிறகு "சரி", "இன்னொரு தடவை", அவ்வளவே. அப்புறம் ரெண்டு தடவைக்கு ஒரு தடவை மட்டும். சொன்ன உடனே பாயாம ரெண்டு மூணு விநாடி விடுங்க, தான் சொன்னதைத் தானே கேக்கட்டும்.

ரெண்டாவது டீ | 10 ஜூன், காலை 7.00

ரெஸ்ட்னு ஒரு சிகிச்சை இருக்காமே, மூணே வாரத்துல முடியுமாம். யூடியூப்ல பார்த்தேன்.

நாநுனி | 10 ஜூன், இரவு 9.45

சிட்னி பல்கலைக்கழகத்துல உருவானது. வாரம் நாலு நாள், நாளுக்கு ஒரு மணி, மூணு வாரம், மொத்தம் 12 அமர்வு. ஒரு அமர்வுல நூறு தடவை. பொருளில்லாத நீளச் சொற்களை வெச்சு, அழுத்தத்தையும் அசைக்கு அசை தாவறதையும் பழக்கறது. முடியறது அமர்வுதான், அப்ராக்ஸியா இல்ல. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடை போடற காக்ரேன் தொகுப்பு 2018ல வந்துச்சு, அதுல தகுதிபெற்ற சோதனை ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சது. ரெஸ்ட்டையும் லண்டன்ல உருவான நஃபீல்ட்ங்கற பேச்சுப் பயிற்சி முறையையும் ஒப்பிட்டது, 4 முதல் 12 வயசு வரை 26 பிள்ளைகள். ரெண்டுலயும் பலன் இருந்துச்சு. ஆனா இதுக்கு ஓரளவு சொல் வரிசை சொல்ல வர்ற பிள்ளை வேணும், இந்தப் பையன் இப்போ அந்த இடத்துல இல்ல. தவிர அது ஆங்கில அழுத்தத்துக்கு வெட்டின சட்டை. தமிழுக்குக் குறில்-நெடில் மாத்தி மாத்திப் போட்டுத்தான் தைக்கணும்.

வேப்பமரம் | 12 ஜூன், இரவு 10.50

மூணு கேள்வி சேர்த்து. வசம்பு தேய்க்கச் சொல்றாங்க. நாக்குக்கு அடியில சவ்வு ஒட்டியிருக்காம், அந்த நாக்குக் கட்டை வெட்டச் சொல்றாங்க. பள்ளியில வீட்லயும் இங்கிலீஷே பேசுங்கறாங்க.

நாநுனி | 12 ஜூன், இரவு 11.30

வசம்பு: வேண்டாம். நாக்குல தடவறது திட்டமிடற இடத்துக்குப் போகாது. அதிகமானா வாந்தி வரலாம்.

நாக்குக் கட்டு: இருக்கான்னு பார்க்கறது தப்பில்ல. நாக்கு நீட்டி மேலுதட்டை நக்கறானா, பல்லுக்கு வெளியில ஒட்டின சாதத்தைத் துழாவி எடுக்கறானா? எடுத்தா வெட்ட வேலையில்ல. கட்டு இருந்தாலும் அது ஒரு சில ஒலியைத்தான் தொடும். "பா"வை "பே"யாக்காது, அஞ்சு தடவைக்கு அஞ்சு மாதிரி ஆக்காது.

மொழி: வீட்டு மொழியை நிறுத்தினா ஆங்கிலம் சீக்கிரம் வரும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. தாத்தா பாட்டியோட பேச இருக்கற ஒரே வழி அடைபடும், அது மட்டும் உறுதி. பயிற்சிச் சொல் தமிழ்ல இருக்கட்டும். பள்ளிக்குத் தேவையான ரெண்டு ஆங்கிலச் சொல்லை (நோ, மீ) தனியாச் சேர்த்துக்கலாம்.

சாக்பீஸ் | 13 ஜூன், மாலை 4.45

பேச்சு வரும் வரை காத்திருக்காமல் படமும் சைகையும் இன்றே தொடங்குங்கள். வளையத்தில் கோத்த இருபது போட்டோ: அவனுடைய தட்டு, அவனுடைய சைக்கிள், கழிவறை. இணையத்துப் படம் வேண்டாம், வீட்டுப் பொருள். டேப்லெட் இருந்தால் சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. "படம் காட்டினா பேச சோம்பேறி ஆயிடுவான்" என்பதை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். ஆய்வுகள் அதைக் காட்டவில்லை. வளையத்தைப் பீரோவில் பூட்டி வைத்து "வாயைத் திறந்து கேளு" என்பதும், பிஸ்கட்டை உயரப் பிடிப்பதும்தான் பிள்ளையை மௌனமாக்குகிறது.

வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" கேட்கிறார்கள், தனியார் பள்ளியில் "எஸ் மிஸ்". ஊரே பார்க்க, கட்டளைக்கு, குறித்த நொடியில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான வேலை அந்த நாளில் இல்லை. கை தூக்கினால் போதும் என்று டைரியில் எழுதிக் கொடுங்கள்.

வேப்பமரம் | 13 ஜூன், இரவு 9.15

எழுதிட்டேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கணுமா? அரசுப் பக்கம் தெரபி கிடைக்குமா?

சாக்பீஸ் | 14 ஜூன், மாலை 6.00

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு-மொழிக் குறைபாடு ஒன்று. சட்டம் உதாரணமாகக் குரல்வளை நீக்கத்தையும் அஃபேசியாவையும் (மூளை பாதிப்பால் வரும் மொழி இழப்பு) சொல்கிறது, அப்ராக்ஸியா என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் நரம்பியல் காரணத்தால் வரும் பேச்சுக் குறைபாடு என்ற சொற்றொடருக்குள் வரும். "நிரந்தர" என்ற சொல்லும் இருப்பதால் சிறு பிள்ளைக்குச் சான்றிதழ் தர மருத்துவக் குழு தயங்குவது உண்டு. பேச்சு மதிப்பீட்டு அறிக்கையில் "நரம்பியல் சார்ந்த பேச்சு இயக்கத் திட்டமிடல் குறைபாடு" என்று தெளிவாக எழுதி வாங்கிச் செல்லுங்கள், "பேச்சுத் தாமதம்" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் தேவை. பின்னாளில் பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் எல்லாம் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

தெரபிக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம், வட்டார வள மையம், இப்போது தமிழ்நாடு அரசின் விழுதுகள் மறுவாழ்வு மையம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளர் நிறுவனம். பெரும்பாலும் வாரம் ஒரு நாள், அரை மணி நேரம்தான் கொடுப்பார்கள், தொடக்கத்தில் இவனுக்கு மூன்று நாளாவது வேண்டும். அந்த அரை மணி நேரத்தை இரண்டு கால் மணியாகப் பிரித்து இரண்டு நாள் தரக் கேளுங்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

நாநுனி | 14 ஜூன், இரவு 10.30

அந்தக் கால் மணியில நீங்களும் உள்ளே உக்காரணும். வெளியே பெஞ்சுல உக்கார வெச்சாங்கன்னா கதவைத் தட்டுங்க. அன்னிக்கு எந்தச் சொல், எந்தப் படி, எந்தக் கை சைகைன்னு போன்ல முப்பது விநாடி வீடியோ எடுத்து வெச்சுக்குங்க, தெரபிஸ்ட் வாய் தெரியற மாதிரி. வீட்ல பாட்டிக்கு அதைப் போட்டுக் காட்டினாப் போதும்.

வேப்பமரம் | 21 ஜூன், இரவு 8.50

மாமி, ஆமா ரெண்டும் சேர்ந்து சொன்னா வருது. "வேணாம்" பாதி, "ஏணா"ன்னு. ஏத்துக்கலாமா, திருத்தணுமா?

நாநுனி | 21 ஜூன், இரவு 9.20

பயிற்சி நேரத்துல திருத்துங்க. மேல் பல்லைக் கீழுதட்டுல லேசா வெச்சுக் காட்டி, "வே"யை மட்டும் தனியாப் பிரிக்காம "வேஏஏணா"ன்னு முழுசா இழுங்க. சாப்பாட்டு நேரத்துல "ஏணா"ன்னா உடனே தட்டை எடுத்துடுங்க.

ரெண்டாவது டீ | 21 ஜூன், இரவு 9.24

நான் அப்பவே சொன்னேன்ல, சோறு ஊட்டறவங்க கதி.